வண்டி அவள் பேரில்

எனக்கு வாகன யோகம் கிடையாது என்று எங்கள் ஜோசியர் கல்யாணத்தின்போதே சொல்லிவிட்டார். நான் நம்பவில்லை. முதன்முதலில் வாங்கிய மொபெட்டை மங்கலம் ரோட்டில் ஒரு மாட்டு வண்டியின் பின்னால் விட்டு, முன்பல் ஒன்று போன பிறகுதான் நம்ப ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓடிய எல்லா வண்டியும் என் மனைவி பேரில்தான். ஸ்கூட்டர், துணி ஏற்றுகிற டெம்போ, டீசல் கார், எல்லாம். கடைசியாக வாங்கிய கரண்ட் காரும் அவள் பேரில்தான்.

கரண்ட் கார் வாங்கினது பவுசுக்கு இல்லை. அவளுக்கு வயிற்றில் புற்று என்று கண்டுபிடித்து, கோவையில் மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பெட்ரோல் பங்க் வாசனை பட்டதும் வாந்தி எடுத்தாள். அதிலிருந்து எங்கள் டீசல் காரின் கதவைத் திறந்தாலே அவளுக்குக் குமட்டும். நான் வாசனைத் திரவியம் வாங்கி மாட்டினேன். அது இன்னும் மோசம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி எடுத்துவிடுவாள். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்புல தெம்பே இல்லையே, இன்னிக்கு ஏத்த முடியாது" என்று ஒருமுறை திருப்பியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த டீசல் காரை எட்டி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்கு நூல் கொடுக்கிற பாய் ஒருவர், பல வருஷப் பழக்கம், அவளைப் பார்க்க வந்தபோது புதிதாக வாங்கிய கரண்ட் காரில் வந்தார். சேதியைக் கேட்டதும், "அக்கா, சும்மா ஏறி உக்காருங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். திரும்பி இறங்கியவள் முகம் தெளிவாக இருந்தது.

"ஏனுங்க, ஒண்ணுமே வாசம் அடிக்கலீங்க. குலுங்கவும் இல்லீங்க. வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலீங்க."

எனக்கு அது போதும். அந்த வாரமே ஷோரூமுக்குப் போனோம்.

அங்கே இருந்த பையன் டை கட்டிக்கொண்டு மூச்சு விடாமல் பேசினான். இன்ஜின் இல்லை, ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, கெட்டுப்போக இதில் என்ன சார் இருக்கிறது என்றான். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருஷம் வாரண்டி என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்தான். எல்லாரும் சந்தோஷப்படுகிற இடம் அது போலிருக்கிறது. எங்கள் டாக்டர் எவ்வளவோ கேட்டும் ஒரு வருஷம் என்றுகூட வாய் திறக்காதவர். இவன் எட்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்கிறான்.

அவள்தான் சிரித்தாள். "பேசாம இந்தத் தம்பிகிட்டயே வைத்தியம் பாத்துக்கலாமாட்ட இருக்குதுங்க" என்றாள். பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பேப்பரில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டேன்.

புது வண்டிக்கும் ஒரு வாசனை உண்டு. அது போகட்டும் என்று எங்கள் கம்பெனி வாசலில் நான்கு கதவையும் திறந்து போட்டு, உள்ளே வேப்பிலையைப் பரப்பி வைத்தோம். டெய்லர்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த தடவை கோவைக்குப் போகும்போது அவள் பக்கத்து சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பியபோது, "அதுக்குள்ளயுங்களா?" என்றாள். அன்றைக்கு மருந்து ஏற்றினார்கள். அதற்கடுத்த தடவையும் ஏற்றினார்கள். கட்டி சுருங்குகிறது என்று டாக்டர் சொன்னார். நான் அந்த வண்டியைச் சாமி மாதிரிதான் பார்த்தேன். அவளோ என்னைவிட மேல்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவனுக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று வெளியூர்க்காரனுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வருஷம் முழுக்க ஓடிய மெஷின் ஒவ்வொன்றையும் அன்றைக்குப் பிரித்து, காற்றடித்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் நிறுத்துவோம். மெஷினுக்குள் ஒரு துளி பஞ்சு இருந்தாலும் பூஜை சேராது என்பது எங்கள் கணக்கு. வண்டிகளுக்கும் அதேதான். பானெட்டைத் தூக்கி, பைப்பைப் பிடித்து, உள்ளேயும் வெளியேயும் கழுவி எடுப்போம். எங்கள் வீட்டில் வண்டி கழுவுகிற வேலையை அவள் வேறு யாருக்கும் விட்டதில்லை. ஒரு ஓவர்லாக் தையல் மெஷினும் ஒரு ஸ்கூட்டரும் மட்டுமே இருந்த காலத்திலிருந்து அவள் கையால்தான் கழுவுவாள். "நம்மளச் சுமக்கறதுக்கு வருசத்துல ஒரு நாளு நாம குளிச்சு உட்டா என்னங்க?" என்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். தலையில் முடி இல்லாததால் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் பீய்ச்சுகிற கன்னை வாங்கிக்கொண்டாள். பானெட்டைத் தூக்கச் சொன்னாள். உள்ளே எங்கள் கம்பெனிப் பஞ்சு போர்வை மாதிரி படிந்திருந்தது. "அடக் கண்ணு, இப்படியா உன்னைய வெச்சிருக்கறோம்" என்று வண்டியோடு பேசிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் அடித்தாள். சேலை முழுக்க நனைந்து, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. நான் பூசணிக்காயில் சூடம் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனசு அன்றைக்கு நிறைந்திருந்தது. சார்ஜ் போடுகிற மூடியைத் திறந்து, அதன் ஓரத்திலும் மோதிர விரலால் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

வண்டி இரண்டொரு நாள் ஓடியது. பிறகு ஒரு காலை சாவியோடு ஏறினால் கண்ணாடித் திரையில் சிவப்பாக ஒரு எழுத்து வந்து நின்றது. அவ்வளவுதான். சத்தம் போட்டுக் கெட்டுப்போகிற வண்டிகளைத்தான் எனக்குத் தெரியும். இது சத்தமே இல்லாமல் செத்துக் கிடந்தது.

எங்கள் ஊரில் மெஷின் நின்றால், ஆர்டர் செய்த டீ ஆறுவதற்குள் மெக்கானிக் வந்துவிடுவான். ஷிப்மென்ட் காத்திருக்காது இல்லையா? பார்ட் இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனி மெஷினிலிருந்து கழற்றியாவது மாட்டுவான். அந்தத் தைரியத்தில் நான் தெரிந்த மெக்கானிக் எல்லாரையும் கூப்பிட்டேன். வந்தார்கள். பானெட்டைத் தூக்கினார்கள். உள்ளே ஓடுகிற ஆரஞ்சு நிற வயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "இதைத் தொட்டா ஆளு காலிங்க. கம்பெனிக்காரன்தான் வரோணும்" என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருப்பூர் ஒரு ரிப்பேரைப் பார்த்துக் கை கட்டி நின்றது.

கோவையிலிருந்து லாரி வந்து வண்டியைத் தூக்கிப் படுக்க வைத்தது. முன்னால் பூஜை மாலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. லாரிப் பையனைப் பார்த்து, கழற்றுடா அதை என்று கத்தினேன். பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அவள் வேண்டாம் என்றாள். "சாமி மாலைங்க, இருக்கட்டும். நல்லபடியாப் போய்ட்டு வரட்டும்" என்று கும்பிட்டாள்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் நல்ல மனுஷன்தான். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பெட்டியையே மாற்ற வேண்டும். பெட்டி வடக்கே இருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று தெரியாது. "வேகமா அடிச்ச தண்ணி சார் இது. வாரண்டில வராது. சார்ஜ் மூடி ஓரத்துல சந்தனம்கூட இருக்கு பாருங்க" என்று போட்டோவைக் காட்டினார்.

அவள் விரல் வைத்த பொட்டு, போனில் பெரிதாகத் தெரிந்தது.

"மழையில ஓட்டுனமுங்க, அதுல இறங்கியிருக்கும்" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார். வாரண்டி வேண்டாம், நான் காசு கட்டுகிறேன், பெட்டியை நாளைக்கு மாட்டிக் கொடுங்கள் என்றும் கெஞ்சினேன். காசு கட்டினாலும் பெட்டி இருந்தால்தானே மாட்ட முடியும் என்றார். இன்சூரன்ஸ்காரனைக் கேட்டால், வெள்ளம் வந்ததா என்று கேட்கிறான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இங்கே சாமி யார், பூசாரி யார் என்பதே எனக்குத் தெரியவில்லை. கார் கம்பெனிக்குப் போன் போட்டால், ஒரு நம்பரை அழுத்தியதும் இன்னொரு நம்பரை அழுத்தச் சொல்கிறது.

வீட்டுக்கு வந்து அவளிடம், "என்னமோ பார்ட் போயிருச்சாமா. கம்பெனித் தப்பு. வந்ததும் மாட்டிக் குடுத்துருவாங்க" என்றேன். கழுவியதால் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மருந்து ஏற்றுகிற நாள் வந்தது. டீசல் காரைத்தான் கொடுத்துவிட்டோமே, டாக்சி பிடித்தேன். பாய் தன் வண்டியைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் ஈரோட்டில் அவர் மகளுக்குப் பிரசவ நேரம், வண்டி மாதக்கணக்கில் அங்கேயே நின்றது. டாக்சி தெக்கலூர் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் மூன்று இடத்தில் ஓரம் கட்டினான். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் உள்ளே தள்ளிப் போனேன். தெம்பில்லை, இன்றைக்கு ஏற்ற முடியாது என்று பழைய பல்லவியையே பாடினார்கள். அதே டாக்சியில் திரும்பினோம்.

அதற்குப் பிறகு அவள் டாக்சி என்றாலே தலையை ஆட்டிவிடுவாள். "வண்டி வரட்டுமுங்க. வந்தொடனே போலாமுங்க. ஒரு வாரம் முன்னப்பின்ன ஆனா என்ன ஆயிருது?" என்பாள். நான் தினமும் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். கத்தினேன், கெஞ்சினேன், ஒரு நாள் அழக்கூடச் செய்தேன். தீபாவளி வந்து போனது. கம்பெனியில் எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோம். பெட்டி வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றுக்குள் இருந்தது யாருக்காகவும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

வண்டி அவள் பேரில் இருந்தது என்றேன் அல்லவா? கார் கம்பெனித் தலைமை ஆபீசிலிருந்து விசாரிக்கிறவர்கள் என்னைக் கூப்பிடவில்லை, அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் பிடிக்கத் தெம்பில்லாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு மார் மேல் வைத்திருந்தாள். பேசியது சின்னப் பெண்ணின் குரல்.

"மேடம், வண்டியோட பானெட்டைத் திறந்து உள்ளே தண்ணி அடிச்சுக் கழுவினீங்களா?"

நான் எதிரே நின்று இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். மழை, மழை என்று வாயை அசைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஆமாங்க கண்ணு, நாந்தான் கழுவுனேன். ஆயுத பூசைங்கல்ல? உள்ளயெல்லாம் ஒரே பஞ்சுங்க. நல்லா அடிச்சுக் கழுவி, பொட்டெல்லாம் வெச்சேன்."

அந்தப் பக்கம் எதையோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்கண்ணு, கழுவக் கூடாதுங்களா?"

"உள்ளே பிரஷர் தண்ணி அடிக்கக் கூடாதுன்னு புக்ல போட்டிருக்கும் மேடம். அதனாலதான் மேடம் வண்டி நின்னுருக்கு" என்றது அந்தப் பெண், மெதுவாக.

போனை அவளே அணைத்தாள். என்னைத் திட்டவில்லை. கூரையைப் பார்த்தபடி, "அப்ப நாந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் எழுவதற்கு முன்னால் அவள் சேலை மாற்றி, துண்டும் பாலிதீன் பையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டாக்சிய வரச் சொல்லுங்க. என்ற வண்டிக்கு நானே கேடு பண்ணிப்போட்டு, அப்பறம் யாரக் காத்துட்டு ஒக்காந்திருக்கறது?" என்றாள். அன்றைக்கு வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்; ஒரு வார்த்தை முனகவில்லை. அவள் முனகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் ஸ்கேனை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு இறக்கி வைத்தார். இனி மருந்து ஏற்றி உடம்பை வருத்த வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நடுவில் விட்டுப்போன வாரங்களால்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இந்த நோயின் போக்கே இப்படித்தான் என்றார். நான் பாதி நம்பினேன். மீதியை இன்றைக்கு வரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்கழியில் வண்டி வந்தது. குட்வில், அதாவது நல்லெண்ணம், என்று ஒரு பேர் சொல்லி, கார் கம்பெனியே செலவை ஏற்றுக்கொண்டு புதுப் பெட்டி மாட்டிக் கொடுத்துவிட்டது. வாரண்டியும் தொடரும் என்றார்கள். யார் எழுதினார்கள், யார் மனம் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் போன் பெண்ணாக இருக்குமோ என்று அவள் சொன்னாள். வண்டி பளபளவென்று இருந்தது. சார்ஜ் மூடியின் ஓரம் வரைக்கும் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பெனியில் மெஷின் சத்தம் எதுவும் இல்லாத நேரம், வண்டியில் உட்கார வேண்டும் என்றாள். எங்கே போகலாம் என்று கேட்டேன்.

"எங்கயும் வேண்டாமுங்க. சும்மா ஒக்காந்திருக்கலாம்."

தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அவ்வளவு லேசாக இருந்தாள். வண்டியை ஆன் செய்து ஏசியைப் போட்டேன். டீசல் வண்டியில் இப்படி நிறுத்தி வைத்து உட்கார முடியாது. புகையும் உறுமலும் ஆளைக் கொன்றுவிடும். இது மூச்சே விடாமல் எங்களுக்குக் குளிர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் சீட்டைப் பின்னால் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "இப்பவும் வாசமே இல்லீங்க" என்றாள். பிறகு, "மழைன்னு சொல்லச் சொன்னீங்களே? ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஏதுங்க இந்தூர்ல அப்படியொரு மழை? பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணுமுங்க" என்று என் தொடையில் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். வெயில் சாய்கிற வரைக்கும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வண்டியை என் பேருக்கு மாற்றுவதைப் பற்றி அந்த மேனேஜரிடம் கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, "முழு வாரண்டி முதல் ஓனருக்குத்தான் சார். பேர் மாத்துனா குறைஞ்சிரும். என்னன்னாலும் நீங்க மாத்தித்தான் ஆகணும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்" என்றார். மாற்ற வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகக் கிளம்புவேன், செருப்பைப் போடுவேன், கழற்றிவிடுவேன். வாரண்டிக்காகத்தான் மாற்றாமல் வைத்திருக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். கவுண்டர் கணக்குப் பார்க்கிறார் என்று சிரிக்கிறார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். முதல் ஓனர் என்று ஒரு பேப்பரில் அவள் பேர் இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் அந்த வண்டிக்குத் தண்ணீர் காட்டவில்லை. கட்டிங் டேபிளில் மிச்சமான பனியன் துணியால் ஈரமில்லாமல் துடைத்தேன். பானெட்டைத் திறக்கவில்லை. பொட்டு வைக்கும்போது அவளுடைய போன் அடித்தது. அதை நான் இன்னும் சார்ஜ் போட்டுப் பையில்தான் வைத்திருக்கிறேன். எடுத்து, ஹலோ என்றேன்.

"வணக்கம் சார், சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசறோம். மேடமோட வண்டிக்குச் சர்வீஸ் டைம் வந்திருக்கு. மேடம்கிட்ட பேசலாமா?"

சந்தன விரலோடு நின்றேன். சொல்ல வேண்டியது நாக்கு வரைக்கும் வந்தது.

"தூங்கறாங்க கண்ணு" என்றேன்.

"பரவால்ல சார், எழுந்ததும் சொல்லிடுங்க. இன்னும் நிறைய வருஷம் வாரண்டி இருக்கு, சர்வீஸை மட்டும் விட்டுட வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்றனுங்க."

போனைப் பையில் வைத்துவிட்டு, இடப்பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் சாய்த்து வைத்த சீட்டை நான் இன்னும் நிமிர்த்தவில்லை.

"இன்னும் நெறைய வருசம் இருக்குதாமா, அம்மிணி" என்று சொன்னேன்.